பீடி மேல் போட்ட பழி

வாழ்ந்த காலமெல்லாம் என் வாய்க்குப் பயந்த என் மாமாவுக்கு,

உங்களைக் கொன்றது பீடி இல்லையாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை எந்த வரிசையில் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. ஒரு மாதமாகத் தையலில் புத்தி நிற்கவில்லை. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு முன்கழுத்தைப் பின்பக்கம் வெட்டிவிட்டு, துணி கொடுத்தவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானா என்று கேட்பீர்கள். ஆமாம், நான்தான்.

நம் மகள் கிருத்திகா ஜியாலஜியில் பட்டம் முடித்துவிட்டாள், மாமா. நீங்கள் போகும்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தவள். மேற்படிப்புக்குச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மதிப்பெண்ணுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் நாலு பேர் எதிரில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்றதும் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி மேடம் ஒருவர் சொன்னாராம், "மொதல்ல தமிழ்ல உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பழகு. அப்புறம் இங்கிலீஷ் தானா வரும்" என்று. என்னை என்ன முட்டாள் என்று நினைத்தாரா அந்த மேடம் என்று சண்டைக்குக் கிளம்பினேன். இவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்படித்தான் நான் நேர்காணல் அதிகாரி ஆனேன். தையல் மிஷினுக்குப் பின்னால் நான், எதிரே ஸ்டூலில் அவள். நாலு பேரும் நானே. ஒருவர் கோபக்காரர். ஒருவர் தூங்குமூஞ்சி. ஒரு அம்மா எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பார். நாலாமவர் பதிலை முடிக்கவிடாமல் குறுக்கே பாய்வார். "நாலாவது ஆளு உனக்கு அப்படியே பொருந்துது ம்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கேள்விக்கு நீங்கள் கொண்டுவந்த பாட்டில்களைத்தான் எடுத்துக்கொண்டோம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டியில் போய் வடக்கே போர் போட்ட இடத்தில் எல்லாம், அடிக்கு அடி மேலே வரும் கல்தூளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, "ராஜஸ்தான், அறுபது அடி" என்று கோழிக் கிறுக்கலில் எழுதி ஒட்டி, மகளுக்குக் கொண்டுவருவீர்களே. மற்ற வீட்டு அப்பன் பொம்மை வாங்கி வருவான், இந்த மனுசன் மண்ணு கொண்டு வாராரு என்று நான் எத்தனை முறை வைதிருப்பேன்! அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தப் படிப்பில் ஆசையே வந்தது.

அன்று மத்தியானம் கோபக்காரர் முறை. வெள்ளைத் தூள் பாட்டிலைத் திறந்தேன். மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. விளையாட்டாகத்தான் கேட்டேன், சத்தியமாக விளையாட்டாகத்தான்.

"ஏம்மா பொண்ணு, இதைத் தெனமும் மூக்குல இழுத்தா என்ன ஆகும்? சொல்லு பார்க்கலாம்."

பரீட்சைப் பிள்ளை அல்லவா, நிமிர்ந்து உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தாள். "இது குவார்ட்ஸ் தூளுங்க. கண்ணுக்குத் தெரியாத பொடி நுரையீரல்ல போயித் தங்கிரும். அது கரையாதுங்க. சுத்தித் தழும்பு கட்டி நுரையீரலே கெட்டியாயிரும். வறட்டு இருமல் வரும். நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும். ஒடம்பு எளைச்சுக்கிட்டே போகும். நெறையப் பேருக்கு டிபின்னு நெனச்சு..."

அங்கே நின்றுவிட்டாள். நான் பாட்டிலை மூடவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். வறட்டு இருமல், மாமா. நாலு படி. எளைச்சுக்கிட்டே போகும். அவள் புத்தகத்தில் படித்ததைச் சொன்னாளா, உங்களைப் பார்த்துச் சொன்னாளா?

"இது எப்பப் படிச்சது கண்ணு?"

"ரெண்டாவது வருசம்."

"அப்பவே தெரியலியா?"

"சுரங்கத் தொழிலாளிங்கன்னு போட்டிருந்துச்சும்மா. நம்ம அப்பா சுரங்கத்துலயா இருந்தாரு? போர் வண்டியிலதான இருந்தாரு." அதைச் சொல்லும்போதே அவள் உதடு கோணியது. அந்தக் கேள்விக்குப் பத்து மதிப்பெண் வாங்கினாளாம். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அந்த ஆஸ்பத்திரி அறை ஞாபகம் வந்தது. நீங்கள் முதல்முதலில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்த அன்று டாக்டர் கேட்டாரே, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று. நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் உங்களைப் பேச விட்டேனா? "வேலை கெடக்குதுங்க சாமி, ஒரு நாளைக்கு எத்தனை பீடின்னு கேளுங்க!" என்று குறுக்கே விழுந்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, பீடி என்று எழுதினார். அப்புறம் ஒருவரும் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்களும் வாயை மூடிக்கொண்டீர்கள். ஏன் மாமா மூடிக்கொண்டீர்கள்? ஒரே ஒரு தடவை என்னை அதட்டியிருக்கக் கூடாதா?

மறுநாள் கிருத்திகா பாட்டில்களை எல்லாம் கோணிப்பையில் போட்டுக் கட்டினாள். "நான் நேர்காணலுக்குப் போகலை. அப்பாவைக் கொன்ன கல்லைப் பத்தி நல்லாப் பேசி ஒரு சீட்டு வாங்கோணுமா? தூ!" என்றாள். நேர்காணலுக்கு ஆறே நாள் இருந்தது. வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று பீரோவிலிருந்து உங்கள் நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொண்டு, "எந்திரி, சேலத்துக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

நெஞ்சு டாக்டர் ஒருவர். வயதானவர், நிதானமானவர். படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கேட்ட முதல் கேள்வி, "இவர் என்ன வேலை பார்த்தாருங்க?" இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். பத்தொன்பது வருடம் ரிக்கு வண்டியில் இருந்தார், தண்ணீர் படும் வரைக்கும் தூள் புகை மாதிரி அடிக்கும், மூக்குக்கு ஒரு துண்டுதான் கட்டுவார், வீட்டுக்கு வந்தால் புருவம் கூட வெள்ளையாக இருக்கும். எல்லாம் சொன்னேன்.

"படத்தை மட்டும் வெச்சு நான் அடிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா இந்த வேலையையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தா, கல்தூசியாலதான்னு எனக்குப் படுது."

"அப்பவே தெரிஞ்சிருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா?"

"கொணமாக்கற மருந்து இல்லீங்க. தூசியை விட்டு வெலகியிருந்தா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம்."

அந்தப் படம் எடுத்த பிறகு இரண்டு வருடம் வேலைக்குப் போனீர்கள், மாமா. முடியலை தங்கமணி, இந்த நடை வண்டிக்குப் போகாம விட்டுடறேனே என்று நீங்கள் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "பீடி ஊதத் தெம்பு இருக்குது, வண்டிக்குப் போகத் தெம்பு இல்லையா?" என்று கேட்டேன். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதோடு முடிந்ததா? இல்லை. அன்று சாயங்காலமே உங்களோடு அதே வண்டியில் இருந்த உங்கள் தம்பி செந்திலுக்குப் போன் போட்டேன். அவன் இப்போதும் அதே மாதிரி ஒரு வண்டியில் ராஜஸ்தானில்தான் இருக்கிறான். உன் அண்ணன் கடைசிக் காலத்தில் எத்தனை பீடி குடிப்பார், உள்ளதைச் சொல் என்றேன்.

"பீடியா? அண்ணன் அதை விட்டு ஏழெட்டு வருசமாச்சுங்களே அண்ணி. பாப்பா வயசுக்கு வந்தப்பவே விட்டுட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"சட்டையெல்லாம் நாறுமேடா!"

"நாங்க குடிக்கறது அண்ணி. ஒரே கேபின்லதான படுத்தோம்."

மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்களே மாமா, விட்டுட்டேன் புள்ள என்று. சட்டையை மோந்து பார்த்து, பொய்ச் சத்தியம் பண்ற மனுசன் என்று எட்டு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன். உங்கள் அக்கா, பங்காளி, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும், பீடி குடிச்சே செத்தாரு என்று நான்தான் சொன்னேன். பந்தலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்!

செந்தில் பேசிக்கொண்டே இருமினான். நீளமான இருமல். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கிருத்திகா போனைப் பிடுங்கினாள்.

"சித்தப்பா, இது எத்தனை நாளா?"

"அது சளி சாமி."

"தண்ணி விட்டுத் தொளைக்கிறீங்களா, காஞ்ச தூளா வருதா?"

"தண்ணி விட்டா லேட்டாகுதுன்னு மேனேஜர் சத்தம் போடறாருப்பா."

"படம் எடுங்க. என்ன வேலைன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. வேற யாரும் சொல்ல வேண்டாம்."

வேற யாரும் என்று சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை. போனை வைத்தாள். பிறகு கோணிப்பையை அவிழ்த்து, ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றினாள். "போறேன் ம்மா" என்றாள்.

சென்னைக்கு நானும் போனேன். அந்தக் கட்டடத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். இவள் அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா?

ரயில் விழுப்புரம் தாண்டியதும் அவளாகவே சொன்னாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்களாம். பாட்டிலை மேசை மேல் வைத்து உங்களைப் பற்றிச் சொன்னாளாம். பாதியில் இங்கிலீஷ் தீர்ந்துபோய்த் தமிழில் போய்விட்டாளாம், ஒருவரும் தடுக்கவில்லையாம். அங்கே இருந்த ஒரு அம்மா கேட்டாராம், "வீட்டில் யாருக்குமே சந்தேகம் வரவில்லையா?" என்று.

"நீ என்ன சொன்ன கண்ணு?"

"டாக்டர் என்ன வேலைன்னு கேட்டாரு. எங்கப்பா சொல்ல வந்தாரு, எங்கம்மா சொல்ல விடலைன்னு சொன்னேன்."

அந்த ஆஸ்பத்திரி அறையில் அவளும் இருந்திருக்கிறாள், மாமா! பதினைந்து வயதுப் பிள்ளை, கதவோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. இத்தனை வருடமும் அதை மனதில் வைத்துக்கொண்டு நான் போட்ட சோற்றைத் தின்றாளா? இல்லை, அவளுக்கும் இப்போதுதான் விளங்கியதா? கேட்கத் தைரியம் வரவில்லை.

"உன்னைத் திட்டிச் சொல்லலைம்மா. எங்க ஊர்ல எல்லா ஊட்லயும் இப்படித்தான்னு சொன்னேன். கல்லு என்ன பண்ணும்னு அதைப் படிச்சவங்க யாரும் எங்க ஊட்டுப் பக்கம் வந்து சொல்லலை, நான் படிச்சிட்டுப் போயிச் சொல்லோணும்னு சொன்னேன்." அப்படிச் சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சேலம் வரைக்கும் நான் அசையவில்லை.

நேற்றுப் பட்டியல் வந்தது. கிருத்திகா பெயர் இருக்கிறது, மாமா. செந்திலுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. அவனுக்கும் கல்தூசிதான், இப்போதுதான் ஆரம்பமாம். வண்டியை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான், வெட்டியாக உட்கார்ந்திருக்கிறேனே என்று முனகுகிறான். நம் தெருவில் வண்டிக்குப் போகிறவர்கள் வீடு ஐந்து இருக்கிறது. ஐந்துக்கும் போனேன். மூன்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பிழைப்பைக் கெடுக்க வந்துட்டியா என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டுக்காரி, அதெல்லாம் பீடியாலதான், நீங்கதான சொன்னீங்க என்றாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வருகிற மாதம் உங்களுக்குப் படையல் போடுகிற நாள். உங்கள் அக்கா வருவார், பங்காளிகள் வருவார்கள், அன்றைக்குப் பந்தலில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று சொல்வேன், இது சத்தியம். அவர் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதுதான் தப்பு என்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினீர்கள், நான் செய்தது தப்பு என்று என் வாயால் ஒரு தடவைகூட நீங்கள் கேட்டதில்லை. இப்போது ஊரே கேட்கப் போகிறது, நீங்கள் மட்டும் கேட்க மாட்டீர்கள்.

உங்கள் மாமன் மகள்,
தங்கமணி