முதல் வரிசையில் குறட்டை

அன்புள்ள அப்பா,

அடுத்த அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் என்றால் எனக்குப் பேச்சே வராது, உங்களுக்குத் தெரியும்.

நேற்று நான் பட்டம் வாங்கி மேடையிலிருந்து இறங்கும்போது, எழுந்து நின்று கைதட்டிய நீங்கள் வலிப்பு வந்து சரிந்தீர்கள். யாரோ உங்கள் வாயில் கைக்குட்டையைத் திணிக்க வந்தார். "வாயில எதையும் வைக்காதீங்க, தள்ளி நில்லுங்க! இவர் எங்க அப்பா!" என்று கத்தினேன். வருகைப்பதிவுக்குக்கூடக் குரல் எழும்பாதவள் நான். உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பட்டமளிப்பு அங்கியை மடித்துத் தலைக்கு வைத்தேன். சுவர்களுக்கு வண்ணம் பூசி நீங்கள் படிக்கவைத்த படிப்பின் அங்கி அது. அதற்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

தெளிந்ததும், "வாங்கிட்டியாம்மா?" என்றீர்கள்.

"வாங்கிட்டேன்பா."

"அப்புறம் ஏன் எல்லாரும் என்னையே பாக்குறாங்க?"

துவைக்கப் போட்ட உங்கள் சட்டைப்பையில் நேற்றுக் காலை போட வேண்டிய வலிப்பு மாத்திரை அப்படியே இருந்தது. போட்டால் தூங்கிவிடுவோம், மகள் மேடையேறுவதைப் பார்க்க முடியாது என்றுதானே விட்டீர்கள்? மூளையில் கட்டி இருப்பதால் ஒரு வேளைகூட விடக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி என் எந்த விழாவுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விடுங்கள். யார் அது என்று கேட்டால், நேற்றுப் போலவே சத்தமாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள்