இருக்கையில் இல்லை

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை, அது அச்சுப்பிழை இல்லை. யாரோ பழைய பட்டியலை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இருந்தால் நானே திருத்தியிருப்பேன். நாடாளுமன்றத்தின் அன்றாட நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்வது நான்தானே. ஒவ்வொரு மாலையும் உங்கள் அப்பாவின் பெயரை நான்தான் தட்டுகிறேன். தெரிந்தே தட்டுகிறேன். மாமா போய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

உங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும். கோபப்படாமல் படியுங்கள்.

ஓர் உறுப்பினர் இறந்தால் சபாநாயகர் அதை அவைக்குத் தெரிவிக்க வேண்டும். இரங்கல் தீர்மானம் படித்து, எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்த பிறகுதான் அவர் பெயர் ஏடுகளிலிருந்து நீங்கும். அதுவரை மாமா மருத்துவ விடுப்பில் இருக்கிறார். இறுதிச் சடங்குக்கு இரண்டு பக்கத்துக் கொறடாக்களும் வந்தார்கள். மலர்வளையம் வைத்தார்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அவைக்குத் தெரியாது.

ஏன் இன்னும் தெரிவிக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. இரங்கல் தீர்மானம் முடிந்ததும் மரியாதைக்காக அன்றைக்கு அவையை ஒத்திவைப்பார்கள். அது வழக்கம். அந்த நாளின் நிரலில் வேறு என்ன இருந்தாலும் போயிற்று. அதனால் ஆளுங்கட்சிக்கு எந்த நாள் வேண்டாமோ அந்த நாளில் இரங்கல் வேண்டும். எதிர்க்கட்சிக்கும் அப்படியே. இரண்டு பேருடைய வேண்டாத நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை நிரலில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் இருந்தது. ஆளுங்கட்சிக் கொறடா எழுந்தார். மழையோ வெயிலோ கையில் குடை இல்லாமல் வரமாட்டார், அதனால் அலுவலகத்தில் அவர் பெயர் குடை. மறைந்த உறுப்பினருக்கு முதலில் இரங்கல் தெரிவிக்கவேண்டும் என்று தழுதழுத்தார். எதிர்க்கட்சிக் கொறடா உடனே ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். “போன வாரம் பூரா உங்களுக்குக் கண்ணுல தண்ணி வரலையே, இன்னிக்கு மட்டும் யாரு குழாயத் தொறந்து விட்டாங்க?” என்று கேட்டார். குடை விடவில்லை. “நீங்க புதன்கிழமை அழலாம்னு எடுத்து வச்சிருக்கீங்களா?” என்றார். அவை சிரித்தது. புதன்கிழமை நிரலில் அரசின் காவல் சட்டத் திருத்தம் இருந்தது. சொன்னதுபோலவே புதன்கிழமை எதிர்க்கட்சிக் கொறடா அழுதார், குடை ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்.

இரண்டு நாளும் சேர்த்து நாலு மணி நேரம் இருபது நிமிடம். எது முதலில், எது பிறகு என்பதற்கு மட்டும். கடைசியில் சபாநாயகர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: மரணம் அவைக்கு இன்னும் முறையாகத் தெரிவிக்கப்படாததால், அதைப் பற்றிப் பேசியதெல்லாம் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. நாலு மணி நேரமும் மாமாவைப் பற்றித்தான் பேசினார்கள். அச்சான குறிப்பில் ஒரு வரி இல்லை.

இனி காலை பத்து மணி விஷயம்.

நிலுவையிலுள்ள தனிநபர் தீர்மானங்களுக்கு உரியவர்களின் பெயரைச் சபாநாயகர் தினமும் வாசிப்பார். உரியவர் எழுந்து “வற்புறுத்துகிறேன்” என்று சொன்னால் தீர்மானம் தொடரும். விடுப்பில் இருப்பவர் சொல்லவேண்டியதில்லை. செயலாளர் “இருக்கையில் இல்லை, விடுப்பு” என்பார். அடுத்த பெயருக்குப் போவார்கள். இதற்கு ஆறேழு நொடிகள் ஆகும். பெயரை வாசித்ததும் ஒலிக்கூடத்துக்காரர் அந்த இருக்கையின் மைக்கைத் திறந்துவிடுவார். அது அவர் வேலை, ஆள் இருக்கிறாரா என்று அவர் பார்ப்பதில்லை. மேஜையில் சின்னப் பச்சை விளக்கு எரியும். காலி இருக்கையின் சத்தம் வானொலியில் நாடு முழுக்கப் போகும்.

அத்தை அதைத்தான் கேட்கிறார். தூங்கி எழுந்ததும் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். உங்களோடு வரச் சொன்னால் இந்தக் கூட்டத்தொடர் முடியட்டும் என்கிறார். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இல்லை அண்ணி. ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தெளிவாக இருக்கிறார். “அவரு இல்லைன்னு எனக்குத் தெரியாதாடி? இல்லைன்னு அந்தச் செயலாளர் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வருது பாரு, அதக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன். கடைசி ரெண்டு நாளும் அவருக்கு மூச்சு வாங்குச்சு” என்றார். சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் போட எழுந்து போனார். சர்க்கரை சரியாக இருந்தது.

இருக்கைகளுக்கு அடியில் குளிர்காற்றுக் குழாய் போகிறது. அந்த இரைச்சல்தான் என்று அத்தையிடம் சொன்னேன். மறுநாள் உணவு இடைவேளையில் ஆளில்லாத அவைக்குள் போய் மாமாவின் மேஜைக்குக் கீழே குனிந்து கைவைத்துப் பார்த்தேன். குளிர்ந்த காற்று வந்தது. நிம்மதியாக இருந்தது.

நேற்று குளிர்சாதனம் பழுது. காலை முழுக்க ஓடவில்லை. ஒலிக்கூடத்தில் நேற்றைய பதிவை வாங்கிக் காதில் மாட்டிக் கேட்டேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

*

வியாழன், மதியம்.

மேலே உள்ளதை நேற்று எழுதி வைத்தேன். இன்று நிலைமை மாறிவிட்டது.

பதினோரு மணிக்கு இரண்டு கொறடாக்களும் ஒன்றாக என் அறைக்கு வந்தார்கள். ஒன்பது வருட வேலையில் அவர்களை ஒரே வாசலில் நான் பார்த்ததில்லை. குடை தன் குடையை நாற்காலியில் மாட்டினார். மற்றவர் என் மேஜை மேலிருந்த பிஸ்கட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்றார். ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரங்கல் தீர்மானம் வெள்ளிக்கிழமை. நாளைக்கு.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை தனிநபர் தீர்மானங்களின் நாள். சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டு மாமாவுடையது. ஆறு வருடமாக அவர் விடாமல் கொடுத்துவந்த ஒற்றை வரி: பயணிகள் படகு கவிழ்ந்தது பற்றிய விசாரணை அறிக்கையை அவையில் வைக்கவேண்டும். நாளையோடு கூட்டத்தொடர் முடிகிறது. நாளை எடுக்காவிட்டால் தீர்மானம் காலாவதி. அடுத்த தொடரில் மறுபடி கொடுக்க மாமா இல்லை. படகுக்கு உரிமம் கொடுத்தது இவர்கள் ஆட்சியில். படகுத்துறையைக் கட்டி ஒப்புதல் கொடுத்தது அவர்கள் ஆட்சியில். இருவருக்கும் ஒரு நாள் ஒன்றாக வேண்டாததாகிவிட்டது.

மாமாவின் தீர்மானத்தை மாமாவின் இரங்கலைக் கொண்டே மூடப்போகிறார்கள்.

டீச்சரைத் தேடிப் போனேன். அவையின் கடைசி வரிசையில் தனியாக உட்காருவாரே, முன்பு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மருத்துவமனைக்குப் போகும்போது தனக்குப் பதில் தீர்மானத்தைக் கொண்டுவர மாமா அவருக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. மாமா உறுப்பினராக இருக்கும்வரை அது செல்லும். அதாவது, அவர் இறந்ததை அவை அறியும்வரை. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்களா? அப்போ அந்த அறிக்கையில ரெண்டு பேரு வண்டவாளமும் இருக்கு. நீ வரிசையப் போடும்மா, நான் எழுந்திருக்கேன். எம் பேச்ச யாரு இதுவரைக்கும் கேட்டாங்க, நாளைக்குக் கேக்காம போறதுக்கு?” என்றார்.

வரிசை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொறடாக்களின் தாளில் வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. முதலாவதாக என்று இல்லை. எழுத மறந்திருப்பார்கள், அல்லது எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். இரங்கல் எப்போதும் முதலில் வரும். செயலாளரிடம் கேட்டேன். “வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மா” என்றார். விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “விதியில இல்ல” என்றார். பிறகு, தனக்குப் பல்வலி என்றும் இன்று சீக்கிரம் கிளம்பப்போவதாகவும், நிரலில் என் கையெழுத்தே போதும் என்றும் சொன்னார். அவருக்கு ஓய்வு பெற நாலு மாதம். எனக்கு இருபத்தைந்து வருடம்.

தீர்மானம் முதலில் இருந்தால், வரிசையை மாற்றச் சொல்லி யாராவது எழுந்து நிற்கவேண்டும். எதற்காக என்று சொல்லவேண்டும். அது குறிப்பில் இருக்கும். வாக்கெடுப்பில் தோற்கலாம், தோற்கத்தான் வாய்ப்பு. ஆனாலும் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஆகும். ஒருவேளை ஜெயித்தால் அறிக்கை வெளியே வரும்.

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அண்ணி. பத்திரிகைகள் ‘படகோட்டியின் கவனக்குறைவு’ என்று ஒரே நாளில் எழுதி முடித்துவிட்டன. முப்பத்தெட்டுப் பேரோடு படகை ஓட்டிய அண்ணனும் போனான், பதில் சொல்ல ஆள் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றினார்கள் என்றார்கள், எஞ்சின் பழசு என்றார்கள். அவன் பெயரில் விழுந்த கறை போகும் என்று மாமா நம்பினார். மருமகனுக்காக ஒரு மனிதர் ஆறு வருடம் அந்தப் பெஞ்சில் எழுந்து எழுந்து நின்றார். நானும் நம்புகிறேன். பகலில் நம்புகிறேன்.

அன்று காலை அவன் வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பினான் என்று நான் உங்களிடம் ஒருபோதும் கேட்டதில்லை. ஒருமுறை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நீங்களே சொல்ல ஆரம்பித்தீர்கள். “முந்தின ரெண்டு நாளும் அவர்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். நான் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தேன். அதன் பிறகு நீங்கள் அத்தனை தூரம் போய்விட்டீர்கள். மாமாவின் பெயரை எடுத்துவிடு என்று நீங்கள் எழுதியது அத்தைக்காக மட்டும்தானா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். இப்போதும் கேட்கவில்லை. யோசிக்கிறேன், அவ்வளவுதான்.

கொறடாக்கள் மாமாவின் சாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்று எழுதினேன். நானும் அதே சாவைத்தான் கையில் வைத்திருக்கிறேன். அவர் உயிரோடு இருப்பதுபோல இன்னும் ஒருநாள் காட்டவேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இன்று மதியமே உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள், சொன்னால் நான் கேட்கவேண்டியிருக்கும். அதனால்தான் கடிதம். இது உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போய்ப் பத்து நாளாகியிருக்கும். எந்த வரிசையில் போட்டாலும் நாளை மாலைக்குள் மாமாவின் பெயர் நிரலிலிருந்து போய்விடும். அத்தைக்குக் கேட்க எதுவும் இருக்காது. அவரை உடனே அழைத்துக்கொள்ளுங்கள். தனியாக விடவேண்டாம்.

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். தூங்குங்கள், சாப்பிடுங்கள். அறிக்கை வந்து, அதில் நாம் இருவரும் படிக்க விரும்பாத ஒரு வரி இருந்தால், அதைப் படித்த முதல் ஆள் நானாக இருப்பேன், அதன் பிறகும் உங்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நீங்களும் என்னை அப்படியே கூப்பிட விடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: நாலே முக்காலுக்கு நிரலை அச்சகத்துக்கு அனுப்பினேன். ஒன்று, தீர்மானம். இரண்டு, இரங்கல். கீழே என் கையெழுத்து.