வெளுத்துப்போன குப்பி

இது மருந்து இல்லை, அண்ணா. அன்று இதைத்தான் நான் சொல்லவில்லை.

இன்று காலை உன் அலமாரியை ஒழிக்கும்போது, ரப்பர் மூடி போட்ட அந்தச் சிறு கண்ணாடிக் குப்பி கையில் தட்டுப்பட்டது. உள்ளே இருப்பது தண்ணீர் போலத் தெளிந்திருக்கிறது. நான் கொண்டுவந்தபோது டிகாஷன் நிறத்தில் இருந்தது.

இரும்பையும் கந்தகத்தையும் சின்னக் கொத்துகளாகக் கட்ட, உயிரணுவுக்குள் சில புரதங்கள் கூடி வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று உன் உடம்பில் பிறவியிலேயே குறைவு. அதனால்தான் கால் தடுமாறியது, பேச்சு குழறியது, பிறகு சக்கர நாற்காலி. அந்தப் புரதத்தைப் படிக்கத்தான் ஆய்வகத்தில் சேர்ந்தேன். காற்றுப் புகாத பெட்டிக்குள் தடித்த கையுறை வழியாகக் கைவிட்டு, எல்லாவற்றையும் கலந்துவிட்டுக் காத்திருப்பேன். கொத்து கட்டிக்கொண்டால் கரைசல் பழுப்பாகும். காற்றுப் பட்டால் குலைந்து வெளுத்துவிடும்.

முதன்முதலாக நிறம் வந்த அன்று, விதியை மீறி ஒரு குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு, கிட்வாய் நகர் பஸ் ஏறினேன். உனக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

நடுங்கும் கையால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். “அச்சா! என் உடம்புல கட்ட மாட்டேங்கிறது இதுதானா? ஜல்தி வாயில ஊத்து, பாப்பா.”

சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் உனக்கு இதயப் பரிசோதனை. அம்மா கிளம்பச் சொன்னபோது மறுத்தாய். “வேண்டாம்மா. மூணு மாடி, நாலு பேர் தோள்ல உற்சவர் மாதிரி எறங்கினது போதும். இவதான் மருந்து பண்ணிட்டாளே. அதைப் போட்டுக்கிட்டு நானே நடந்து போறேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நெஜமாவாடி?”

இந்த நோய் இதயத்தையும் தளர்த்தும் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. உன் உயிரணுக்களுக்குள் எதையும் கொண்டுசேர்க்க என்னிடம் வழியில்லை என்பதும் தெரியும். அதற்குள் காற்று கசிந்து குப்பி வெளுக்கத் தொடங்கியிருந்தது. நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் மாதக்கணக்கில் சிரிக்காத உன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“பார்க்கலாம்மா,” என்றேன்.

இப்போதும் தினமும் அந்தக் கையுறைக்குள் கைவிடுகிறேன். நிறம் வருகிறது. வரும்போதெல்லாம் “நானே நடந்து போறேன்” என்று உன் குரல். இனி யாரிடம் போய்ச் சொல்வேன், இது மருந்து இல்லை என்று?

நீ பரிசோதனைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பதினோராம் நாள் காலை, அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கையில், நாற்காலியிலேயே உன் இதயம் நின்றது.