வலை முறையை விற்று ஒரு நாடகம்

அக். 14, திங்கள்

விடியலிலிருந்து தூறல். வலை காயவில்லை.

சனிக்கிழமை நம் கோட்டைக்குப்பத்தில் நாடகம். மீஞ்சூரிலிருந்து டிரெயினில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து வைத்த குழு. மீனவன் வேஷத்துக்கு நிஜ மீனவன் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். மேடை, மைக்செட், லைட்டு, நாற்காலி எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டுமாம். குழுத்தலைவர் சார் கையை விரித்துவிட்டார். சம்பளக்காரர்களுக்கு மாதம் பிறந்த மறுநாளே மாதக்கடைசி. நான் போடுகிறேன் என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

வ. திரும்பிப் பார்த்தாள். (அக்கா இதைப் பிரித்துப் படிப்பாள். வ. போதும்.) நாடகத்தில் எனக்குப் பெண்டாட்டி. அடுத்த மாதம் ஃபாக்டரியில் அவளை ஓசூருக்கு மாற்றுகிறார்கள். அப்புறம் ஏது நாடகம்.

16, புதன்

வாங்க: ஊக்கு, முகப்பவுடர், கற்பூரம், கொசுவத்தி.

வெள்ளி முதல் ஏரியில் வலை போட என் முறை. பக்கத்து வீட்டு மாரிக்கு விட்டுவிட்டேன். அவன் கொடுத்த காசு அப்படியே மேடைக்காரர் கையில். டிக்கெட் விற்றால் திரும்பும். மழை பிடித்தால் போச்சு. மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரம் திறந்தால் அதைவிடப் போச்சு. கடல்தண்ணீரோடு இறால் ஏறும், ஊரே ஏரியில் இருக்கும், நாற்காலியில் யார்?

அக்காவிடம் சொன்னேன். சட்டியை இறக்கிவைத்தாள். "கல்யாணம்னா காசு இல்லன்ன. நாடகத்துல பொண்டாட்டி கட்ட மட்டும் இருக்குதா?"

எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ, மகராசி.

17, வியாழன்

மீஞ்சூரில் ஒத்திகை. காலித் தட்டில் வ. சோறு போடுகிறாள், நான் பிசைந்து சாப்பிடுகிறேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். வசனத்தில் அது இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குழுவில் எல்லோருக்கும் நான் அண்ணன். அவளுக்கு மட்டும் "இன்னாங்க".

நாற்பத்திரண்டு வயதில் இந்த ஏக்கம் தேவையா. தேவைதான் போலிருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் திருப்பாலைவனம் வரை வசனத்தை முணுமுணுத்தபடி வந்தேன். பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

18, வெள்ளி

முகத்துவாரம் திறந்துவிட்டது.

தெருவெல்லாம் அதே பேச்சு. இறால் சும்மா கொட்டுதாம். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப்பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தேன். மேடைக்காரர் முன்பணம் திரும்பாது என்கிறார். மாரி வலையில் விழுவதெல்லாம் எனக்கு விழ வேண்டிய இறால்.

19, சனி

வெயில். ஏரிப்பக்கம் ஒரே கூச்சல்.

மூன்று மணிக்குக் குழு பஸ்ஸில் வந்து இறங்கியது. நாற்காலிகள் அடுக்கினபடி. திடலில் நாய் தவிர யாரும் இல்லை. சார் தலையைச் சொறிந்தார், நிறுத்திவிடலாமா என்றார்.

அப்போது மாரி ஓடி வந்தான். நல்லவன். வலை இழுக்க ஆள் போதவில்லையாம். இப்போதே வந்தால் இன்றைய பிடியில் பாதி எனக்காம், விட்டதெல்லாம் ஒரே நாளில் வந்துவிடுமாம். படகு கரையில் நிற்கிறது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வ. கிட்டே வந்தாள்.

"போங்க. காசு முக்கியம். நாடகம் இன்னொரு நாளு போட்டுக்கலாம்."

"இன்னொரு நாளு நீ எங்க இருப்ப?"

சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால். மாரி வாயைப் பிளந்தான்.

வ. அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து முன்வரிசையில் போட்டாள். பிறகு இன்னொன்று.