நகத்தளவு மீனின் கோடு

சிட்டு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தானே கடிதம் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். நான் இருக்கிறேன். சந்தையில் மீன் வெட்டுகிறேன், வீட்டுக்கு வந்து ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன், அவ்வளவுதான். நேற்று உங்கள் மீன் ஆராய்ச்சி மேடம் வந்தார்கள். நீ கடலுக்குள் போய் மேலே வராத நாளுக்கு முந்தின நாள் பிடித்த மீனாம், சின்ன பாட்டிலில் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நம் சந்தைக்கு வரும் உளுவை இனம்தானாம், ஆனால் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. கறிக்கும் ஆகாது கருவாட்டுக்கும் ஆகாது, இதுக்கா என் பிள்ளை அவ்வளவு தூரம் போனாள் என்று இருந்தது, ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை. கண்ணாடி வைத்துக் காட்டினார்கள். தலையில் செதிலே இல்லை, முதுகின் முன் துடுப்பு நூல் மாதிரி நீண்டு நிற்கிறது, வயிற்றடித் துடுப்பு இரண்டும் சேர்ந்து கிண்ணம் மாதிரி இருக்கிறது. அதை வைத்துப் பவளப்பாறையில் ஒட்டிக்கொண்டால் எந்த அலைக்கும் விடாதாம். அதற்கு இருந்த பிடி உனக்கு இல்லாமல் போச்சே.

இதே அச்சில் இன்னொரு மீன் உண்டாம், அதற்குக் கண்ணிலிருந்து வால் வரை மஞ்சள் கோடு. உன் மீனின் கோடு வேறு நிறமென்றால் இது புது மீன், உன் பெயரையே வைப்பார்களாம். ஸ்பிரிட்டில் போட்டதும் நிறம் போய்விட்டது, கேமரா உன்னோடு போய்விட்டது. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாம்மா என்று கேட்டார்கள். நீ போனில் சொன்னதெல்லாம், அம்மா ஒரு மீன் பார்த்தேன், அந்தக் கோட்டு நிறத்துலயே உனக்குத் துணி எடுத்துட்டு வர்றேன், இப்ப சொல்ல மாட்டேன் போ, என்பதுதானே. சிவப்பு என்று வாய் வரை வந்தது கண்ணு. செத்த மீனின் செவுளுக்குச் சாயம் தடவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒருநாளும் செய்ததில்லை, உன் மீனுக்கா செய்வேன். தெரியாதும்மா என்றேன். அவர்கள் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னால், பொழைக்கத் தெரியாதவளே, வாய்க்கு வந்த ஒரு நிறத்தைச் சொல்லித் தொலைச்சா என்ன, பிள்ளை பேராவது நிக்குமே என்கிறாள். ராத்திரியெல்லாம் அதுவே காதில் நிற்கிறது.

எங்கே இருந்தாலும் குளிராமல் இரு தாயே, ஒரு குறையும் அண்டாமல் இரு. ஈரத்தலையோடு படுக்காதே, துவட்டிக்கொள்.

உன் அம்மா

அந்தக் கோடு என்ன நிறம்டி?