லாரித் தண்ணீர் பாய்ந்த வரிசைகள்

மதினி,

இன்று தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பழைய கல்யாண ஃப்ளெக்ஸ்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன். எழுமலையில் உங்கள் அடுப்பிலிருந்து ஒரு நாள் கிளம்பிய அதே நாற்றம்.

பி.டி. பருத்தி நம் பக்கம் புதிதாக வந்திருந்த சமயம். செடியே விஷம் சுரக்கும், கடித்த காய்ப்புழு செத்துவிழும் என்றார் விதைக் கம்பெனிக்காரர். அண்ணன் போன பிறகு தனியாக விவசாயம் பார்த்துவந்த நீங்கள் துணிந்து போட்டீர்கள். மழை ஏமாற்றியது. பூ விட்டதிலிருந்து கம்பெனியே டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, ரோட்டோரத்து வரிசைகளுக்கு மட்டும் பாய்ச்சியது. "பொம்பள தனியாக் கெடந்து தவிக்கேன்னு எரக்கப்பட்டு ஊத்துறாக தம்பி" என்றீர்கள். நானும் நம்பினேன்.

பிறகு வயல் விழா. வேன் வேனாகப் பருத்தி போடும் சம்சாரிகளைக் கூட்டிவந்து, புழு அண்டாத அந்தப் பச்சை வரிசைகளைக் காட்டி, உங்களுக்கு மாலை போட்டுப் படம் பிடித்து, எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தார்கள். காய்ந்து கிடந்த உள் வரிசைகளுக்குள் யாரையும் விடவில்லை. பாம்பு கிடக்கிறதாம். தூ! அந்த வரிசைகளில் புழு விழுந்ததை நீங்கள் உங்கள் மண்ணின் கோளாறு என்று நினைத்து, வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை.

ஆரப்பாளையத்து விதைக்கடை வாசலில் உங்கள் முகம் ஃப்ளெக்ஸில் சிரித்தது. அடுத்த போகம் ஊரே அந்த விதையை வாங்கியது. மழை மறுபடியும் பொய்த்தது. பக்கத்து வயல்காரி, உங்கள் உயிர்ச் சிநேகிதி, துளை விழுந்த காயை உங்கள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒன் படத்தப் பாத்துத்தான்க்கா போட்டேன்."

அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தீர்கள். கம்பெனிக்காரர் உள்ளே உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி இல்லாட்டி செடி சோந்துரும்மா. வெசமும் கம்மியாத்தான் சொரக்கும், புழு பொழச்சுக்கிரும். இது எங்க ஆளுக எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார், உதட்டைத் துடைத்தபடி.

"தெரிஞ்சுதான் என் வயல்ல லாரித் தண்ணி ஊத்துனீகளா?"

அவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரரிடம் மூட்டை பிரிக்கிற கத்தியை வாங்கி, வாசலுக்குப் போய், ஃப்ளெக்ஸிலிருந்து உங்கள் முகத்தை மட்டும் அறுத்து எடுத்தீர்கள். "மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் போட்டீர்கள். கரும்புகை வீடெல்லாம் சுற்றியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்மூஞ்சி எம்புட்டு நாறுது பாரு தம்பி" என்றீர்கள்.

மறுநாள் வீடு வீடாகப் போய், படத்தில் இருந்தது லாரித் தண்ணீரில் வளர்ந்த செடி என்று சொன்னீர்கள். சிலர் கேட்டார்கள். பக்கத்து வயல்காரி கதவைத் திறக்கவில்லை. உங்கள் சாவுக்கும் அவள் வரவில்லை. பாடை தூக்கும் வரை எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம் மதினி.

ஊரெல்லாம் இன்னும் விதை விளம்பரங்கள். பச்சை வயலில் யாரோ ஒரு சம்சாரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை. படத்துக்கு வெளியே லாரி எங்கே நிற்கிறது என்றுதான் தேடுகிறேன்.