அரைக் கிலோ கோட்டு

அன்பு மகள் சின்னிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் வாயைத் திறந்தால் விலாவில் இடிக்கிறாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டுமென்றால் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், எனக்கு மூட்டு வலி, பிரசவத்துக்கு அப்பா மட்டும் வருவார் என்று அவள் உன்னிடம் சொன்னாளே, நீயும் சரிம்மா என்று ஒரே வார்த்தையில் போனை வைத்துவிட்டாயே, அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை. மூட்டு வலியெல்லாம் சுத்தப் பொய். முந்தாநாள்கூட மாடி டீச்சர் வீட்டுக்கு மூன்று தரம் ஏறி இறங்கினாள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நடந்தது வேறு. சிரிக்காமல் படி, சிரித்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரி.

உங்கள் ஊர்க் குளிருக்கென்று அம்மா ஒரு கோட்டு வாங்கினாள். எனக்குக்கூடச் சொல்லாமல், தானே போனில் தேடி, படம் பார்த்து, முகவரி அடித்து வாங்கினாள். அடர்சிவப்பு, முழங்கால் வரைக்கும் வரும் கனமான கம்பளிக் கோட்டு. படத்தில் அதைப் போட்டிருந்த பெண்மணி பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், உன் அம்மா அந்தப் படத்தைத் தினமும் நாலு தரம் திறந்து பார்த்தாள். பார்சல் வந்தது. வாங்கிய கையோடு, பிரிப்பதற்கு முன்னாலேயே அவள் முகம் மாறிவிட்டது. இருபத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்த கை அது என்று உனக்குத்தான் தெரியுமே. இது அரைக் கிலோகூட இல்லீங்க என்றாள். பிரித்தால் இடுப்பு வரைக்கும் ஒரு சமாச்சாரம், மழைக்கோட்டு மாதிரி மெல்லிசாக, ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. சரி, ஏமாற்றிவிட்டார்கள், திருப்பிக் கொடுத்தால் போச்சு என்றேன். அவள் கேட்கவே இல்லை, நேராகப் போய் உனக்குப் போன் போட்டு அந்த மூட்டு வலிக் கதையைச் சொன்னாள். வைத்த பிறகு நான் சத்தம் போட்டேன். அப்போதுதான் மனசில் இருந்ததைக் கொட்டினாள். ஒரு கோட்டை ஒழுங்கா வாங்கத் தெரியல எனக்கு, அவ வீட்டுல அடுப்புலேர்ந்து கதவு வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு பட்டனாம், நான் அங்க போய் என்ன உதவியா இருக்கப் போறேன், கைக்குழந்தையோட சேர்த்து அவளுக்கு ரெண்டு பிள்ளையாப் போயிடும் என்றாள். நீ பிறந்தபோது எந்தப் பட்டனும் இல்லாத வீட்டில் உன்னைத் தன்னந்தனியாகப் பார்த்துக்கொண்டவள் அவள்.

அதனால் அந்தக் கோட்டுப் பணம் திரும்பி வந்தே ஆக வேண்டும், அப்போதுதான் இவள் வண்டி ஏறுவாள் என்று முடிவு கட்டி நான் களத்தில் இறங்கினேன். முப்பத்தொரு வருஷம் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான், ஒரு புகார் எழுத எனக்கா தெரியாது? பொருள், பார்வை எல்லாம் போட்டு நாலு பக்கத்துக்கு எழுதி, அந்தப் போன் கடைக்காரர்களுக்கே அனுப்பினேன். சொன்னதற்கு மாறான பொருள் என்றால் பத்து நாளைக்குள் திருப்பலாம் என்று அவர்களே போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் மனவருத்தத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம், உங்களைப் போன்ற வாடிக்கையாளர் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள் தெரியுமா! என் சர்வீஸில் ஒருநாளும் இப்படி ஒரு பதில் நான் எழுதியதில்லை. அடியில், உங்கள் பிரச்சினை தீர்ந்ததா, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முப்பத்தொரு வருஷமாக யாராவது ஒருத்தர் ஆம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கியவன்மா நான். இவ்வளவு பணிவாகப் பேசுகிற ஆளை இல்லை என்று சொல்லி நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆம் என்று அழுத்திவிட்டேன். புகார் முடித்துவைக்கப்பட்டது, நன்றி என்று வந்தது.

உன் அம்மா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். மறுபடியும் அவர்களைப் பிடித்து, ஒரு பெண்ணிடம் எழுதிக் கெஞ்சினேன். புது ஆதாரம் இருந்தால் மட்டும் பத்தாம் நாளுக்குள் திறக்கலாம் சார் என்றது அந்தப் பெண். நான் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும், தடிமன் என்பது அவரவர் உணர்வைப் பொறுத்தது என்று விற்றவன் பதில் சொல்கிறான். யார் காதில் பூ சுற்றுகிறான் பார். ஒன்பதாம் நாள் நான் கையை விரித்துவிட்டேன். வாசல் படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்த உன் அம்மா அப்போதுதான் கேட்டாள், அவன் என்ன சொன்னான், உணர்வா என்று. விற்றவன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கோபம் வந்ததே பார்க்க வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு உள்ளே போய் மெத்தைக்கு அடியிலிருந்து பார்சல் சுற்றி வந்த கவரை எடுத்தாள். எந்தப் பார்சல் வந்தாலும் லேபிள் கிழியாமல் ஓரத்தில் பிளேடால் கீறிப் பிரித்து மடித்து வைப்பாளே, நீகூடக் கேலி பண்ணுவாயே, அதே பழக்கம். அந்த லேபிளில், அனுப்பினவன் கையாலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது, எடை நானூற்றுத் தொண்ணூறு கிராம் என்று. கடைப் பக்கத்திலோ கோட்டு ஒன்றரைக் கிலோ என்று போட்டிருக்கிறது. இரண்டையும் போட்டோ எடுத்தாள். என் நாலு பக்கம் எங்கே, அவள் எழுதியது இவ்வளவுதான்: உங்க பக்கத்துல ஒன்றரைக் கிலோ, உங்க லேபிள்ல கவரோட சேர்த்து நானூத்தித் தொண்ணூறு கிராம், மீதி ஒரு கிலோ கோட்டு எங்கே?

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது, முழுப் பணமும் திரும்பும், கோட்டை எடுத்துப்போக ஆள் வரும் என்று. மாடி டீச்சரிடம் காட்டத்தான் அந்த மூன்று தரம், முதல் தரம் கண்ணாடியை மறந்துவிட்டாள், இரண்டாம் தரம் போனையே மறந்துவிட்டாள். பிரச்சினை தீர்ந்ததா என்று அதே இரண்டு கட்டம் மறுபடி வந்தது. நான் விரலைக்கூட நீட்டவில்லை. பணம் கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உன் அம்மா போனைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நேற்றுப் பணம் வந்தது, அவளே அழுத்தினாள். சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய்க் கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிப் பார்க்கிறாள், போட்டுப் பார்க்கவே இல்லை, கடைக்காரர் திருதிருவென்று விழிக்கிறார். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, இது ஒண்ணே முக்கால் என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா, பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தோம், ஒரு கிலோ எழுநூறு. ஐம்பது கிராம் எங்கே என்றேன், இதுல ஒரு பட்டன் குறையுது, பாருங்க என்றாள். பார்த்தால் நிஜமாகவே ஒன்று குறைந்தது. வீட்டுக்கு வந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள், பழகணுமாம்.

ஆமாம், வருகிறாள். இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. டிக்கெட் கையில் வந்த பிறகுதான் உன்னிடம் சொல்வேன் என்று இருக்கிறாள், அதனால் அவள் சொல்லும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி நன்றாக ஆச்சரியப்படு, உனக்கு நடிப்பு வராது, இப்போதே பழகிக்கொள். தண்ணி வாளி தூக்காதே, இடது பக்கமாகவே படு, நேரத்துக்குச் சாப்பிடு. யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் ஆம் என்று அழுத்திவிடாதே, அந்தப் புத்தி மட்டும் அப்பாவிடமிருந்து உனக்கு வரவேண்டாம். இந்தக் கவரை ஒட்டி வைத்தபோது உன் அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டாம்ப் பத்தாது, அப்படி என்ன எழுதியிருக்கீங்க, என்னைப் பத்தியா என்று கேட்டாள், மழை நிலவரம் என்று சொன்னேன். நம்பவில்லை. அப்புறம் இந்தக் கடைசித் தாளுக்காகக் கவரை மறுபடி பிரித்தேன், ஓரத்தில், பிளேடால்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும், சுகப்பிரசவம் ஆக வேண்டும், இந்த இரண்டைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ராத்திரி சாப்பிடும்போது, தனக்குத் தானே பேசுகிற மாதிரி உன் அம்மா சொன்னாள், குழந்தை எத்தனை கிலோன்னு எங்கிட்ட யாரும் சொல்லக் கூடாது, நான் கையில வாங்கிச் சொல்லுவேன் என்று. ஒருவேளை நாங்கள் வருவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டால், நர்ஸ் சொல்கிற எண்ணை எழுதி மடித்து மாப்பிள்ளை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல். எங்களிடம் காட்டவேண்டாம்.

அவள் சொல்லட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அப்பா